அண்ணத்தில் ஒரு ஜாக்கி

1

போன வாரம் இங்கே மலேசியாவில், கூலாய் ஊரில் ஒரு கடையில் என் பாஸ்போர்ட் படத்தை ஒரே சொடுக்கில் எடுத்து முடித்துவிட்டார்கள். இதில் பீற்றிக்கொள்ள என்ன இருக்கிறது என்று ஊரில் இருக்கிற நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. பத்து வருடங்களுக்கு முன்பு இதே கடையில், இதே முக்காலியில் உட்காரவைத்துப் பதினான்கு முறை எடுத்தார்கள். பாஸ்போர்ட் படத்தில் வாய் மூடியிருக்க வேண்டும் என்பது சட்டம். எனக்கோ வாயை மூடினால் மூச்சு கிடையாது. கடைக்கார மலாய்க்காரர், "துத்துப் மூலுட், என்சே" என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டுவார். நான் மூடுவேன். அவர் கேமராவைத் தூக்குவதற்குள் தண்ணீரில் முங்கியவன் மாதிரி 'ஹா' என்று திறந்துவிடுவேன். கடைசியில் திறந்தும் திறக்காத ஒரு வாயோடு படம் அமைந்தது. பத்து வருடமாக எந்த எல்லையில் நீட்டினாலும் அதிகாரி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார், நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று கொஞ்சம் காத்திருப்பார்.

அதிகாரிகள் எனக்குப் புதிதில்லை. மனைவி பரமேஸ் மலேசியக்காரி. அவள் கணவன் என்பதற்காகத்தான் என்னை இங்கே இருக்க விட்டிருக்கிறார்கள். அந்த அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் அவளும் பக்கத்தில் வந்து நின்று, இவர் இன்னமும் என் கணவர்தான் என்று சொல்லவேண்டும். பரமேஸ் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் சொல்வாள்.

பேராவூரணியில் படித்த காலத்தில் இந்த வாய்க்கு வேறு மரியாதை. வகுப்பில் எனக்குப் பெயர் 'ஈப்பிடிக்கி'. கணக்கு வாத்தியார் சாக்பீஸ் துண்டால் என் வாயைக் குறிபார்த்து எறிவார். இரண்டு தடவை உள்ளேயே விழுந்திருக்கிறது. எங்கள் வீட்டில் இதை நோய் என்று யாரும் நினைக்கவில்லை. "வாய மூடுடா, ஈ பூந்துறப் போவுது" என்பதோடு என் மருத்துவம் முடிந்தது.

2

பண்டார் தெங்காரா பக்கம் ஒரு பாமாயில் ஆலையில் கொதிகலன் பகுதியில் பதினெட்டு வருடமாக வேலை. வீடு கூலாயில். ஒரே மகள் தர்ஷினி, படிவம் ஐந்து படிக்கிறாள், அதாவது நம் ஊர்ப் பதினொன்றாம் வகுப்பு மாதிரி. ஆனால் அந்த வயதுக்கு அவள் பேச்சு மிகச் சிக்கனம். என்னிடம் பேசுகிற தமிழில் பாதி 'ஓகே'. மீதி 'ஒண்ணும் இல்ல'.

நான் எங்கே உட்கார்ந்தாலும் தூங்குவேன். கல்யாண வீட்டில், கோயில் சொற்பொழிவில், ஒரு முறை பல் மருத்துவரின் நாற்காலியில் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே. இரவெல்லாம் குறட்டை, பகலெல்லாம் கொட்டாவி. யாராவது சொன்னால், "தூங்கல, கண்ண மூடி யோசிக்கிறேன்" என்பேன். அதிலும் மகள் சொன்னால் எரிச்சல் வரும். அப்பனைத் திருத்த வந்துவிட்டாள் என்று கத்துவேன்.

போன வருடம் பெக்கோக்கில் பரமேஸின் அக்கா வீட்டு விசேஷம். வாழையிலையில் நன்றாகக் கட்டிவிட்டு, மத்தியானம் நானும் தர்ஷினியும் மட்டும் காரில் திரும்பினோம். பரமேஸ் அக்காவோடு தங்கிவிட்டாள். நெடுஞ்சாலையில் செடெனாக் நெருங்கும்போது என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நடந்திருக்காது. கண்ணைத் திறந்தபோது மகளின் கை ஸ்டீயரிங் மேல் இருந்தது. கார் ஓரத்துக் கம்பித் தடுப்பை உரசிக்கொண்டு போனது. இடது பக்கக் கண்ணாடி பறந்துவிட்டது. எங்கள் இருவர் மேலும் ஒரு கீறல் கூட இல்லை.

தர்ஷினி அழவில்லை. வீட்டுக்கு வந்து குளித்தாள், பாடம் படித்தாள். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது நான் கார் சாவியை எடுத்தேன். அவள் பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு பரமேஸ் ஓட்டினால் ஏறுவாள், நான் ஓட்டினால் ஏறமாட்டாள். கேட்டால், "ஒண்ணும் இல்ல." எட்டு மாதம் இப்படியே போனது. பெற்ற பிள்ளை நம் பக்கத்தில் உட்காரப் பயப்படுகிறது என்பதை வைத்துக்கொண்டு சோறு தின்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

3

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உடம்பெல்லாம் ஒயரை ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். காற்றை ஊதுகிற ஒரு மெஷினைக் கொடுத்து, மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார்கள். என் மூக்கு அதற்கு ஒத்துழைக்கவில்லை. முட்டுச்சந்துக்குள் லாரியை விட்ட மாதிரி காற்று முட்டிக்கொண்டு நின்றது. முகம் முழுக்க மூடுகிற பெரிய முகமூடியைப் போட்டால் பத்து நிமிடத்தில் நானே பிய்த்து எறிந்தேன். காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பல் சீரமைப்பு மருத்துவரிடம் போகச் சொன்னார். மூக்குக்குப் பல் டாக்டரா என்று நினைத்தேன்.

டாக்டர் இயோ முப்பது சொச்சம் வயதுச் சீனப் பெண்மணி. மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். என் வாயை அச்செடுத்துக் கையில் கொடுத்தார். மேலண்ணம் கூரை வீட்டு முகடு மாதிரி குறுகி உயர்ந்திருந்தது. வாயின் கூரைதான் மூக்குக்குத் தரை என்றார். கீழ்வீடு குறுகினால் மாடிவீடும் குறுகும். கீழே அகலப்படுத்தினால் மேலே கொஞ்சம் இடம் கிடைக்கும். அண்ணத்தில் நாலு ஸ்க்ரூ இறக்கி, நடுவில் ஒரு கருவி. அதைச் சாவி போட்டு நாளுக்கு ஒரு திருகு திருகினால் எலும்பே மெல்ல இரண்டாகப் பிரிந்து விலகும். ஆலையில் கொதிகலன் மூடியைத் தூக்க ஜாக்கி வைப்போம். அதே ஜாக்கி, சைஸ்தான் வேறு.

"பிள்ளைங்களுக்கு அந்த எலும்பு நடுவுல ஒட்டியிருக்காது, சுலபமா விரியும்" என்றார் டாக்டர். "உங்களுக்கு நாப்பத்தி நாலு. விரியலாம், விரியாமலும் போகலாம். விரியலேன்னா ஆப்பரேஷன்தான்."

"விரிஞ்சா தூக்கம் சரியாயிடுமா?"

"மூச்சு நிக்கிறது போயிடும்னு நான் சொல்லமாட்டேன். மூக்கு வழி கொஞ்சம் பெரிசாகலாம். சிலருக்கு நல்லாத் தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. தொறந்தா அந்த மெஷினை மூக்குல மாட்ட முடியும். மெஷினை விடக்கூடாது."

நம் ஊரில் டாக்டர் முதுகில் தட்டி, "ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க" என்பார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பயமில்லாமல் இருப்போம். இந்த அம்மா சொன்னதில் ஒரு வார்த்தை கூடத் தெம்பாக இல்லை. ஆனாலும் சரி என்றேன். எனக்கு வேண்டியது தெம்பில்லை. மகள் காரில் ஏறவேண்டும்.

4

ஸ்க்ரூ இறக்கும்போது மரத்துப்போகிற ஊசி போட்டதால் வலியில்லை. சத்தம்தான் தலைக்குள் கேட்டது. நாக்குக்கு வாயில் இருந்த இடம் போய்விட்டது. சோற்றுப் பருக்கை கருவிக்கும் அண்ணத்துக்கும் நடுவில் குடியேறி, நாள் முழுக்க அங்கேயே இருக்கும். பேசினால் எல்லா எழுத்தும் வழுக்கும். ஆலையில் என் மலாய் முன்பைவிடத் தேறிவிட்டதாக இரண்டு பேர் சொன்னார்கள்.

தன் அண்ணத்தைத் தானே பார்க்க முடியாது. ஆகவே சாவி பரமேஸிடம் போனது. டாக்டர் ஒரு அட்டையும் கொடுத்தார். தினமும் ஒரு திருகு, முன்னாலிருந்து பின்னால், திருகியதும் அட்டையில் ஒரு டிக். பரமேஸ் வீட்டுக்கு வந்ததும் சாவிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து முருகன் படத்தடியில் வைத்தாள். "சாமிட்ட வச்சாத்தான் தொலையாது" என்றாள். சரி, நல்லதுதான் என்று நினைத்தேன்.

முதல் நாலு நாள் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த இரண்டு நாள் சாவி உள்ளே வந்து போனது மட்டும் தெரிந்தது, அழுத்தமே இல்லை. அதற்கு அடுத்த நாள் மாலை, இரவுச் சாப்பாட்டுக்கு முன், சாவி மூன்று தடவை உள்ளே போனது.

"என்ன பண்ற?" என்று கேட்கப் பார்த்தேன். சாவி வாயில் இருந்ததால் "ஆ ஆ ஆ" என்று வந்தது.

"சரியா மாட்டலங்க. அசையாம இருங்க லா" என்றாள், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு.

மூன்றாவது தடவையில் மூக்குத்தண்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். தேங்காய் உடைத்த மாதிரி பரமேஸுக்கே கேட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சாப்பிட முடியவில்லை, கஞ்சியைக் குடித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலைந்து நாளில் மேல் முன்பற்கள் நடுவில் சந்து விழுந்தது. எலும்பு பிரிந்ததற்கு அதுதான் அடையாளம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பரமேஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரிலிருந்து வீடியோவில் வந்த என் அக்கா, "பல்லுல சந்து விழுந்தா யோகம்டா" என்றாள். முதல் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே இருந்தது.

5

அடுத்த பரிசோதனைக்குப் பரமேஸ்தான் காரோட்டினாள். தர்ஷினியும் வந்தாள், டியூஷனுக்கு அப்படியே இறங்கிக்கொள்ள. டாக்டர் இயோ என் வாய்க்குள் அளவுகோலை வைத்துப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி வாய்க்குள் பார்த்தார்.

"அட்டையில எல்லா நாளும் டிக் இருக்கு. ஆனா ரெண்டு திருகு குறையுதே?"

நான் பரமேஸைப் பார்த்தேன். அவள் கொஞ்சமும் கலங்கவில்லை.

"அது நாளைக்குப் போட்டுருவேன் டாக்டர்" என்றாள்.

"நாளைக்கா?"

"நேத்து அஷ்டமி. இன்னிக்கு நவமி. எங்க ஆளுங்க அந்த ரெண்டு நாளும் எந்த நல்ல காரியத்தையும் தொட மாட்டாங்க. நாளைக்கு தசமி. மூணையும் சேர்த்துப் போட்டா கணக்கு சரியாயிடும். போன தடவையும் அப்படித்தான் போட்டேன். அன்னிக்குத்தான் டாக்டர் டக்குனு பிரிஞ்சிச்சு!"

நாற்காலியில் மல்லாந்து கிடந்தபடி நான் கூரையை வெறித்தேன். தாலி கட்டிய நாளிலிருந்து இந்த அஷ்டமி நவமிக்காக நான் நாள் தள்ளி வாங்காத பிரிட்ஜ் இல்லை, தள்ளிப்போடாத பயணம் இல்லை. என் சொந்த எலும்புக்கும் பஞ்சாங்கம் பார்ப்பாள் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை.

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகமூடியைக் கீழே இறக்கினார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

"எங்க அம்மாவும் சீனக் கணக்குல பேய் மாசமான ஏழாம் மாசத்துல வீட்டுல ஆணி கூட அடிக்க விடமாட்டாங்க" என்றார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "ஆனா மேடம், இது எலும்பு. ஒரே நாள்ல மூணு திருகினா தாறுமாறா உடையலாம். ஒரு ஸ்க்ரூ ஏற்கெனவே ஆடுது. அது கழண்டா இவருக்கு மிச்சம் ஆப்பரேஷன்தான்."

பரமேஸின் முகம் சுண்டிப்போனது. ஒரு வாரம் திருகக்கூடாது என்று அனுப்பினார்கள். டியூஷன் வாசலில் இறங்கும்போது தர்ஷினி கையை நீட்டினாள்.

"அம்மா, வீட்டுக்கு வந்தொன்ன சாவிய எங்கிட்ட குடுத்துருங்க. இனிமே நான் பார்த்துக்குறேன்."

6

ஒரு வாரம் கழித்து மாலை ஏழு மணிக்குத் தர்ஷினி என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஒரு கையில் கைப்பேசி விளக்கு, ஒரு கையில் சாவி. சாவியில் ஒரு நூல் கட்டி அவள் விரலில் சுற்றியிருந்தாள், நான் விழுங்கிவிடக் கூடாதாம். அட்டையை மேசை மேல் நேராக வைத்திருந்தாள். எட்டு மாதத்தில் அவள் முகத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்க்கவில்லை. மூக்கு ஓரத்தில் ஒரு பரு புதிதாக வந்திருந்தது.

"அப்பா, வாய நல்லா தொறங்க. இன்னும்."

முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள் பள்ளியில் யாரோ ஒருத்தி கார் ஓட்டக் கற்றுக்கொள்வதைப் பற்றிச் சொன்னாள். நாலாம் நாள் சாவியை ஓட்டையில் மாட்டினாள், ஆனால் திருகவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இப்ப பேச முடியாதுல்ல. அதான் சொல்றேன்" என்றாள். "அன்னிக்கு மச்சாப் ஊரு தாண்டுனதுலேருந்தே உங்க தலை ஆடிச்சுப்பா. நான் பார்த்துக்கிட்டுத்தான் வந்தேன். எழுப்பல. எழுப்புனா நீங்க கத்துவீங்க. தூங்கல, யோசிக்கிறேன்னு சொல்லுவீங்க. அதான் சும்மா இருந்தேன்."

நான் "ஆ" என்றேன்.

"பேசாதீங்க, சாவி விழுந்துரும். நான் எழுப்பியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. எனக்கு அதுதான் எப்பவும் ஞாபகம் வருது. உங்க மேல கோவம் இல்ல. கார்ல ஏறுனா வழி முழுக்க உங்க கண்ணையே பார்த்துக்கிட்டு வரணும். என்னால முடியலப்பா."

பிறகு திருகினாள். ஒரே ஒரு திருகு. சாவியை எடுத்தாள், டிக் போட்டாள், எழுந்து போய்விட்டாள். நான் வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளை என்னால் சாக இருந்தாள், அதுவும் நான் கத்துவேன் என்ற பயத்தால். எட்டு மாதமாக அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு, அவளுக்குப் பிடித்த டோனட்டாக வாங்கிவந்து குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்.

மறுநாள் அவள் சாவியை எடுக்குமுன்பே சொன்னேன். "தப்பு என்னோடது. நீ எழுப்பியிருந்தாலும் நான் கத்தியிருப்பேன். அதுவும் என் தப்புதான். உன் தலையில அத ஏத்திக்காத."

"ஓகே" என்றாள். "வாய தொறங்க."

7

திருகி முடித்து, அப்படியே விட்டு எலும்பு இறுகக் காத்திருந்த மாதங்களில் ஒரு நாள் ஆலையில் கொதிகலன் அளவைக் குறித்துக்கொண்டிருந்தேன். ஏதோ குறைகிறது என்று தோன்றியது. என் மூச்சுச் சத்தம் குறைந்திருந்தது. வாய் மூடியிருந்தது, நான் மூடச் சொல்லாமலே. மூக்கின் இரண்டு பக்கமும் காற்று வந்து போனது. ஒரு நிமிடம் அசையாமல் நின்று அனுபவித்தேன்.

அடுத்த நிமிடம் அந்த வாடை வந்தது. ஆலைக்குப் பின்னால் கழிவுக் குட்டைகள் இருக்கின்றன. புளித்த கூழும் செத்த எலியும் கருகிய எண்ணெயும் கலந்த ஒன்று. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஏன் முதல் வாரமே ஓடிப்போகிறார்கள் என்று பதினெட்டு வருடமாக நான் வியந்திருக்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்கவில்லை என்று திட்டியும் இருக்கிறேன். அன்று நானே ஓடிப்போய் ஆலை வாசலில் நின்றேன். அங்கிருந்து பரமேஸுக்குப் போன் போட்டேன்.

"இந்த நாத்தத்தோடயா நான் தினமும் வீட்டுக்கு வந்தேன்?"

"இப்பத்தான் தெரியுதா?" என்றாள். "உங்க சட்டைய ஏன் தனியா பின்னாடி ஊற வைக்கிறேன்னு நெனச்சீங்க?"

அவர்கள் வீட்டு வழக்கம் என்று நினைத்திருந்தேன். பதினெட்டு வருடம் இவள் ஒரு சொல் சொன்னதில்லை. அஷ்டமிக்கு ஆயிரம் சொல்லுவாள், இதற்கு ஒன்றும் சொன்னதில்லை. போனிலேயே மன்னிப்புக் கேட்டேன். "அலமாக், வேலையப் பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

மூக்கு திறந்ததும் மெஷினும் ஒத்துக்கொண்டது. சின்ன முகமூடிதான், மூக்கில் மட்டும். மறுபடி ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். மூச்சு நிற்பது குறைந்திருக்கிறது, போய்விடவில்லை, டாக்டர் சொன்னபடியே. மெஷினோடு தூங்கினால் பகலில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. கல்யாணங்களில் முழுநேரமும் விழித்திருக்கிறேன், அது ஒரு தண்டனை.

8

போன சனிக்கிழமை பெக்கோக்கில் பரமேஸின் அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழா. பரமேஸ் முதல் நாளே தன் காரில் போய்விட்டாள். தர்ஷினி பஸ்ஸில் வருவதாகப் பேச்சு. காலையில் நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பையோடு வந்து நின்றாள்.

"நேத்து மெஷின் எத்தன மணி நேரம் போட்டீங்க?"

"ஏழு."

"காட்டுங்க."

கைப்பேசியில் அந்தக் கணக்கைக் காட்டினேன். ஒரு வாரத்தையும் பின்னால் தள்ளிப் பார்த்தாள். எந்தக் குடிநுழைவு அதிகாரியும் என்னை அப்படிச் சோதித்ததில்லை. பிறகு பையைப் பின்னால் போட்டுவிட்டு முன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் மாட்டினாள்.

செடெனாக் தாண்டும்வரை என் பக்கமே திரும்பியிருந்தாள். நான் சாலையைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். பேச்சுக் கொடுத்தேன். பரீட்சை எப்படி? ஓகே. பெரியம்மா வீட்டில் என்ன விசேஷச் சாப்பாடு? தெரில. அப்புறம் அவள் கேட்டாள், "தூக்கம் வருதாப்பா?" கத்தவேண்டும் என்று ஒரு துளி கூடத் தோன்றவில்லை. "வரல. வந்தா சொல்றேன், ஓரமா நிறுத்திருவேன்" என்றேன்.

சிம்பாங் ரெங்கம் தாண்டியதும் பதில் வருவது நின்றது. திரும்பிப் பார்த்தேன். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. கைப்பேசி மடியில் நழுவிக் கிடந்தது. நன்றாகத் தூங்கிவிட்டாள். எனக்குக் கண் நிறைந்தது. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டினேன். உறிஞ்ச முடிந்தது.

பெக்கோக் வந்துவிட்டது. அக்கா வீட்டு வாசலில் பந்தல் தெரிந்தது. நிறுத்தினால் எழுந்துவிடுவாள். நேரே தாண்டிப் போய், கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றினேன், ரயில் நிலையம் வரை போய்த் திரும்பினேன். பரமேஸிடமிருந்து போன் மேல் போன். ஒரு மரத்தடியில் ஓரம் கட்டி, எஞ்சினை அணைக்காமல் மெதுவாக எடுத்தேன்.

"கார் வாசலத் தாண்டிப் போச்சுன்னு சொல்றாங்க. எங்க லா போறீங்க?"

"தூக்கம்" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"ஐயோ, யாரு தூங்குறது?"

"தர்ஷினி."

அந்தப் பக்கம் மேளச் சத்தத்துக்கு நடுவே பரமேஸ் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சரி" என்றாள். "இன்னும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."